பலகை மேல் வைத்த வெற்றிலை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்றாம் வகுப்பு உனக்கு என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னார்கள். அரை மணி நேரம். பொருட்பாடம். சொன்னவர் எங்கள் போதனை டீச்சரம்மா. சொல்லிவிட்டுச் சிவப்பு மைப் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் வராந்தாவில் நின்றபடியே நின்றேன். சூரமங்கலம் பக்கமிருந்து ரயில் கூவியது. அது போகிற திசையில் எங்கேயாவது போய்விடலாமா என்று இருந்தது. போக எனக்கு இடமேது?

இடம் ஒன்று இருந்தது, அதுதான் பயமே. சேலத்துப் பெண்கள் டீச்சர் டிரெயினிங் பள்ளியில் அப்போது ஒரு வழக்கம். முதல் மாதிரி வகுப்பில் 'போதாது' என்று எழுதப்பட்டவளை அந்தப் பருவத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு என்றால் எனக்குப் பரமத்தி வேலூரில் அண்ணன் வீட்டுப் பின்கட்டு. எட்டாவது தேறிய கையோடு கல்யாணம், கல்யாணமான பத்தாம் மாதம் வெள்ளைச் சீலை, அதற்கப்புறம் அந்தப் பின்கட்டில் ஆறு வருஷம். யாராவது வெளியே கிளம்பினால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். சிரிப்புச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஒருவரும் இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஒரு தடவை மாமன் போன காலோடு திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார், போதாதா? நானாகவே கற்றுக்கொண்டேன். காலடிச் சத்தத்தை வைத்தே யார் எந்தக் காரியமாகப் போகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அதற்கேற்ற மாதிரி சுவரோடு சுவராகிவிடுவேன்.

அண்ணன் என்னைப் பள்ளியில் சேர்த்தது அன்பால் என்று நான் இன்றுவரை என்னை ஏமாற்றிக்கொண்டதில்லை. பேப்பரில் பார்த்தார், இந்த மாதிரிப் பெண்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று. அண்ணிக்கு விடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும். பள்ளிக்கூட வாசலில் என் தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்னது இது:

"அம்மிணி, பாஸ் பண்ணிப்போட்டீன்னா உம்பட பொழப்பு உனக்கு. தவறிப்போச்சுன்னா பேசாம ஊட்டுக்கு வந்தரோணும். மறுக்கா ஒருக்கா போறேன்னு கேக்கப்படாது. செரியா?"

"செரிங்கண்ணா."

அது வேலூர்க்காரர் பேச்சு. எழுதி வாங்க வேண்டியதில்லை.

ஆகவே அந்த அரை மணி நேரம்.

பொருட்பாடம் என்றால் ஒரு பொருளை வகுப்புக்குக் கொண்டுபோய், குழந்தைகள் பார்த்து, தொட்டு, முகர்ந்து, அவர்கள் வாயாலேயே அதன் குணங்களைச் சொல்ல வைப்பது. டீச்சரம்மா தெற்கத்திக்காரர். புடவையை ஊசி குத்தி உடுத்துவார். காற்றில் பறக்கிற எதுவும் அவரிடம் கிடையாது. "வாயால சொல்ற பொருள் யாருக்கு வேணும்? ஆளுக்கு ஒண்ணு கையில் இருக்கணும்" என்பார். "நீயே கையில் கொடு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடு. அந்த ஒரு நிமிஷத்தில் பாதி வகுப்பு உன்னோடதாயிடும்."

என் அறையில் என்னோடு இருந்தவள் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். புருஷன் ரங்கூனுக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அதை ஊர்ச் செய்தி போலச் சொல்லிச் சிரிப்பாள். "புளியங்காய் கொண்டு போ யக்கா. அம்பது புள்ளைங்களும் தின்னுடும். கொட்டையை எண்ணினாப் பாடம் முடிஞ்சுது, போ."

"டீச்சரம்மா என்னையத் தின்னுபோடும்."

"உன்னையத் தின்னா எலும்புதான் மிஞ்சும்."

நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். வேறு எதை எடுப்பேன்? எனக்கு உலகத்தில் முழுசாகத் தெரிந்தது அது ஒன்றுதான். எங்கள் தோட்டம் காவிரி வாய்க்கால் ஓரம். அகத்திமரம் வரிசை வரிசையாக நிற்கும், அதைக் கட்டிப்பிடித்துக் கொடி ஏறும், உள்ளே நுழைந்தால் வெயில் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும், பச்சை வெளிச்சம், ஈர மண் வாசனை, எங்கேயோ தண்ணீர் மடை திரும்புகிற சத்தம். வெள்ளைச் சீலை கட்டியபின் நான் தோட்டத்துக்குள் போனதில்லை. கொடிக்கு ஆகாது என்றார்கள். ஆனால் கிள்ளிய இலை கூடை கூடையாகப் பின்கட்டுக்கு வரும். ஈரத்துணியால் துடைத்து, காம்பு பார்த்து, சொத்தை கழித்து, நூறு நூறாக எண்ணிக் கவுளி கவுளியாக அடுக்குவது என் வேலை. நான் அடுக்கிய இலை எத்தனை நிச்சயதார்த்தத்துக்கு, எத்தனை வளைகாப்புக்குப் போயிருக்கும்! யார் அடுக்கியது என்று எந்த வியாபாரி கேட்டான்? கண்ணில் படாத கைக்குத் தோஷம் கிடையாது.

அதனால்தான் எனக்குத் தோன்றவே இல்லை. அது எனக்குப் பயிர், வேலை, விரல் நுனியில் ஏறிய பச்சை நிறம். தாம்பூலம் என்பது அடுத்தவர்கள் வீட்டுச் சமாசாரம்.

பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை விளக்கு அணைப்பதற்குள் எழுதி முடித்தேன். நோட்டைக் கோடு போட்டுப் பிரித்து, நோக்கம், உபகரணம், முன்னறிவு, பாட வளர்ச்சி, கரும்பலகைச் சுருக்கம். உபகரணத்துக்கு எதிரே: 'வெற்றிலை, குழந்தைக்கு ஒன்று வீதம்.' பாட வளர்ச்சியில் முதல் வரி: 'ஆசிரியை ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைத்து வெற்றிலையைக் கையில் கொடுப்பாள்.' எத்தனை அழகான வாக்கியம் என்று எனக்கே இருந்தது. ஆசிரியை கொடுப்பாள். நான் அவளைத் தள்ளி நின்று பார்த்தேன், அந்த ஆசிரியையை. அவளுக்குச் சத்தமான குரல் இருந்தது. அவள் சீலை என்ன நிறம் என்று அந்த வாக்கியத்தில் எழுதியிருக்கவில்லை.

டீச்சரம்மா படித்துவிட்டு ஓரத்தில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். "பாடம் சரியா இருக்கு. சத்தம்தான் உன்கிட்ட இல்லை. கடைசிப் பலகைக்குக் கேக்கணும், பாத்துக்கோ."

சத்தம். சனிக்கிழமை பகல் முழுக்கத் துணி துவைக்கிற கல்லருகில் நின்று அதைத் தேடினேன். ஆத்தூர்க்காரி தொட்டிக்கு அந்தப் பக்கம் சப்பணம் கொட்டி உட்கார்ந்துகொண்டாள், ஒன்றாம் வகுப்புக் குழந்தையாக.

"குழந்தைகளே, உங்கள் கையில் இருப்பது என்ன?"

"கேக்கலைங்க டீச்சர்!"

"உங்கள் கையில் இருப்பது என்ன?"

"எறும்பு பேசற மாதிரி இருக்குதுங்க டீச்சர்!"

இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை. தொண்டை வரை வரும், அங்கே நின்றுவிடும், ஆறு வருஷம் நின்ற இடம் அது. அவள் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலியில் "ஏய்!" என்று கத்தினேன். வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. "ஆங், இதான்! இந்தச் சத்தத்துலே கேளு!" என்று குதித்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்துவிட்டு நான் பயந்துபோய்ச் சுற்றும் பார்த்தேன். அதையும் அவள் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாமக்கல் பஸ்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனுக்குப் போன வாரமே கார்டு எழுதியிருந்தேன், வகுப்புக்கு எந்நேரமும் அழைப்பு வரும், ஒரு கவுளி இளவெற்றிலை வேண்டும் என்று. வாழைச் சருகில் சுற்றி, நனைத்த சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: 'உங்க டீச்சரம்மாளுக்குத் தாம்பூலம் வெக்க நல்லதாப் பாத்துக் கிள்ளச் சொன்னேன்.' அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. டீச்சரம்மாளுக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். அந்த வாசனை! காரமும் குளிர்ச்சியுமாக, வாய்க்காலே அறைக்குள் வந்துவிட்ட மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். காம்பு முறியாதது, ஓட்டை விழாதது, குழந்தையின் உள்ளங்கையை மீறாதது. ஆத்தூர்க்காரி பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களைப் படித்தாள். பெயர் ஒன்றுக்கு இலை ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தேன்.

பாதியில் அவள் குரல் நின்றது.

"யக்கா."

"ம்."

"நீயேவா கையில குடுக்கப் போறே?"

"குறிப்புல அப்படித்தானே எழுதியிருக்குது."

"அதில்லே." அவள் என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தாள். "இது வெத்தலையாச்சே. சின்னதுங்க ஊட்டுக்குப் போய் அம்மாகிட்டச் சொல்லாதா? வெள்ளைச் சீலை கட்டுன டீச்சர் வெத்தலை குடுத்தாங்கன்னு. ஒரு ஊட்டுல நல்ல காரியம் இருக்கும், ஒரு ஊட்டுல மாசமா இருப்பாங்க…"

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை. என் கையில் ஒரு இலை இருந்தது. அதைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டுக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டேன், அழுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி. அழுக்கு இலையிலா கையிலா?

டீச்சரம்மா அறைக்கு ஓடினேன். அவர் ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். பொருளை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். சொல்லும்போது என் குரல் மறுபடியும் எறும்புக்குப் போய்விட்டது.

அவர் புத்தகத்தை மூடினார். "இந்தக் காம்பவுண்டுக்குள்ள விதவையும் கிடையாது, சுமங்கலியும் கிடையாது. டீச்சர்தான் உண்டு. கையெழுத்துப் போட்ட பாடத்தை நான் மாத்தறதில்லை. போய்ச் சத்தத்தைப் பழகு."

நல்ல மனுஷி. இன்று நினைத்தாலும் அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் காம்பவுண்டுக்கு நான்கு பக்கமும் சுவர் இருந்தது, குழந்தைகள் சாயங்காலம் அந்தச் சுவருக்கு வெளியே போவார்கள். அது அவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று அன்று திகைத்தேன். தெரிந்தேதான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி ஒரு தரம் நேராக நின்று பார் என்று சொல்லியிருக்கிறார். நிற்கிறவளாக நான் இல்லை.

அறைக்குத் திரும்பியதும் ஆத்தூர்க்காரி ஒரு வழி சொன்னாள். "புள்ளைங்க வர்றதுக்கு முன்னால பலகை மேல ஆளுக்கு ஒண்ணு வெச்சிடு. உன் கையில இருந்து யாரும் வாங்கலே. யாரும் குடுக்கலே. இருந்துச்சு, எடுத்துக்கிட்டாங்க."

"குறிப்புல கையில குடுப்பாள்னு கையெழுத்து வாங்கியிருக்குதே. குறிப்பு மாறுச்சுன்னா 'போதாது'ன்னு எழுதிட்டா?"

"அம்மாக்காரிங்க வாசல்ல வந்து நின்னா என்னா எழுதுவாங்க?"

இரண்டு பக்கமும் வேலூர் பஸ்தான் நின்றது.

திங்கட்கிழமை முதல் மணிக்கு அரை மணி முன்பே வகுப்புக்குப் போனேன். காலியான வகுப்பு. தரையில் குழந்தைகள் உட்காரும் நீளப் பலகைகள், நான்கு வரிசை. சுவரில் யாரோ குழந்தை கரியால் வரைந்த மாடு. நான் குனிந்து, முழங்காலை மடக்கி, ஒவ்வொரு இடமாக நகர்ந்து, இலையைக் காம்பு என்பக்கம் வரும்படி வைத்துக்கொண்டே போனேன். ஒருவரும் என்னைத் தடுத்திருக்கவில்லை. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். எந்த அம்மாவும் வரவில்லை, எந்தக் குழந்தையும் முகம் சுளிக்கவில்லை, மேலே இருந்த டீச்சரம்மா கையில் கொடு என்றே சொல்லியிருந்தார். விலக்கி வைத்தது நான். இலையை வைத்துவிட்டுக் கையை எடுத்த ஒவ்வொரு தடவையும் அந்த அறையிலிருந்து நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தேன். கடைசி இலையை வைத்தபோது அங்கே ஆசிரியை என்று யாரும் இல்லை. ஒரு வெள்ளைச் சீலை நின்றது, பின்கட்டில் நிற்கிற மாதிரியே, சுவரோடு.

மணி அடித்தது. வந்தார்கள். டீச்சரம்மா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

"குழந்தைகளே, உங்கள் கையில் இருப்பது என்ன?"

கேட்டது. எனக்கே கேட்டது. கடைசிப் பலகை வரை போயிற்று.

"வெத்தலைங்க டீச்சர்!"

"எங்க தாத்தா உரல்ல இடிச்சுப் போட்டுக்குமுங்க!"

"நாம போட்டா கோழி முட்டுமுங்க டீச்சர்!"

"கோழி முட்டாதுடி, மாடுதான் முட்டும்!"

"எங்க ஊட்டுல ரெண்டும் முட்டும்!"

சிரிப்பு. நானும் சிரித்தேன். பின்னால் டீச்சரம்மாவின் வாய்கூட அசைந்தது. இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். நரம்பு நரம்பாகத் தெரிகிறது என்றார்கள், ஒரு பெண் எங்க ஆயா கை மாதிரி என்றாள். முகரச் சொன்னேன். நுனியைக் கிள்ளச் சொன்னேன். பாடம் தானாக நடந்தது. இனி அந்தப் பின்கட்டு இல்லை என்று கால் கட்டைவிரல் வரைக்கும் ஒரு சந்தோஷம் இறங்கியது.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆறு வயதிருக்கும். ஓடிவந்த மூச்சு. மூலை உடைந்த சிலேட்டு. ரயில் நிலையத்தில் கரி இறக்குகிறவரின் மகள் என்று பதிவேட்டைப் படிக்கும்போதே ஆத்தூர்க்காரி சொல்லியிருந்தாள். ஊருக்கு வெளியே தனித் தெருவிலிருந்து அந்த வகுப்புக்கு வருகிற ஒரே குழந்தை அவள். உள்ளே வா என்றேன். வந்தாள். அவள் இடத்தில் இலை இல்லை, பக்கத்துப் பெண் இரண்டாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லோர் கையையும் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து ஒற்றைக் கையை நீட்டினாள்.

"எனக்குங்க டீச்சர்?"

என் கையில் ஒன்று இருந்தது, நான் காட்டுவதற்கு வைத்திருந்த இலை. கொடுத்திருக்கலாம். கை பாதி தூரம் போனதும் உண்மை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் நல்ல காரியம் இருக்கும், ஒரு வீட்டில் மாசமாக இருப்பார்கள். என் கை திரும்பியது. இலையைப் பலகை ஓரத்தில் வைத்தேன்.

"அங்க வெச்சிருக்குது பாரு. எடுத்துக்கோ சாமி."

அவள் முகத்தை நான் சொல்ல வேண்டும். அதில் அழுகை இல்லை, கோபம் இல்லை. 'ஓ' என்றது அந்த முகம், மறந்துபோன ஒன்று ஞாபகம் வந்தமாதிரி. நீட்டிய ஒற்றைக் கையை மடக்கிக்கொண்டாள். ஓரடி பின்னால் போனாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் குழித்துக்கொண்டு, குனிந்து, பலகை ஓரத்திலிருந்து இலையை அள்ளி எடுத்துக்கொண்டாள். எங்கள் தோட்டத்தில் இலை கிள்ள வருகிறவர்களுக்கு நானே சின்ன வயதில் அப்படித்தான் பொரியும் வெல்லமும் போட்டிருக்கிறேன், கை படாமல், மேலிருந்து. அவர்களும் அப்படித்தான் குழித்து வாங்குவார்கள். இவளுக்கும் யாரோ வீட்டில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் அது வேண்டாம் போலிருக்கிறது என்று இரண்டு மாதத்தில் கொஞ்சம் மறந்திருந்தாள்.

என் வெள்ளைச் சீலையை அவள் பார்க்கவே இல்லை. தன்னைத்தான் பார்த்துக்கொண்டாள். போய்ப் பலகையின் கோடியில், மற்றவர்களை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் பாவாடையை இழுத்துச் சேர்த்துக்கொண்டாள்.

உன்னால் இல்லை, என்னால் என்று எப்படிச் சொல்வேன்? ஆறு வயதுக்கு எந்தச் சொல்லில் சொல்வேன்? டீச்சரம்மாவின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி 'வெற்றிலை' என்று எழுதினேன். எழுத்து கோணவில்லை. அதுதான் கொடுமை, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

மத்தியானம் நோட்டு கைக்கு வந்தது. 'குரல் திருப்தி. குறிப்பில் உள்ளபடி பொருள் கையில் கொடுக்கப்படவில்லை. எனினும் முன்கூட்டியே வைத்ததால் நேரம் மிச்சம். நன்று.' ஆத்தூர்க்காரி அதை மூன்று தடவை படித்தாள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தப்பிச்சே யக்கா! வேலூர் பஸ்ஸு காலியாத் திரும்பிப் போவட்டும்!" நான் அவள் தோள்மேல் முகத்தை வைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சமயத்தில் அந்தக் குழந்தையிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அண்ணனுக்குக் கார்டு எழுதினேன், தேறிவிட்டேன் என்று.

மறுநாள் அதே வகுப்பு எனக்கு, அந்த வாரம் முழுக்க. சிலேட்டில் எழுதியதைத் திருத்த வேண்டும். ஒவ்வொருத்தியாக வந்து என் கையில் சிலேட்டைக் கொடுத்தார்கள், ஒருத்தியும் தயங்கவில்லை. எந்த வீட்டிலும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன் என்று அன்றுதான் தெரிந்தது, தெரிந்து என்ன.

அவள் முறை வந்தது. என் எதிரே வந்து, இரண்டடி தள்ளி நின்று, சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டு விலகினாள்.

"கையில குடு சாமி" என்றேன். கையை நீட்டினேன். நன்றாக, முழு நீளத்துக்கு நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். எனக்காக இரக்கப்பட்டமாதிரி இருந்தது, பெரியவர்கள் சில சமயம் மறந்துவிடுவார்கள் என்பதுபோல.

"இருக்கட்டுங்க டீச்சர்," என்றாள் மெதுவாக. "நீங்களே எடுத்துக்குங்க."

பின்னால் வரிசை நெருக்கியது. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.